தொட்டியா, கட்டையா? ஆர்க்கிட் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

ஆர்க்கிட் செடிகளைத் தொட்டியில் வைப்பதா, மரக்கட்டையில் கட்டி வளர்ப்பதா என்பதையும், அதையொட்டி நடக்கும் விற்பனைக் குளறுபடிகளையும் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான்காவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவேன். ஒரே டெண்ட்ரோபியம் தொட்டியில் 350 ரூபாய், கட்டையில் கட்டியது 900 ரூபாய் என்கிறார்கள். கட்டையில் இருப்பதுதான் இயற்கையானது, நீண்ட காலம் வாழும் என்று நர்சரிக்காரர் வற்புறுத்துகிறார். எதை வாங்கலாம்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தொட்டியில் இருப்பதை வாங்குங்கள். மரத்தின் மேல் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. நனைந்தவுடன் அது நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகத் தெரியும், காய்ந்தால் வெள்ளையாகிவிடும். காட்டில் பனியும் சாரலும் காற்றிலுள்ள ஈரமும் அந்த வேரை அடிக்கடி நனைக்கின்றன. உங்கள் பால்கனியில் அந்த வேலையைச் செய்ய உங்களைத் தவிர யாரும் இல்லை. கட்டையில் கட்டிய செடிக்குக் கோடையில் தினமும், கத்திரி வெயில் காலத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் நிரப்பிய மண்தொட்டியோ ஈரத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதால், காலையில் ஊற்றிவிட்டுப் போனால் நீங்கள் திரும்பும்வரை செடி தாக்குப்பிடிக்கும். கூடுதலாகக் கேட்கும் 550 ரூபாய் கட்டைக்கும் கட்டுக்கூலிக்கும்தானே தவிர, செடியின் தரத்துக்கு இல்லை. மிச்சப்படும் பணத்தில் ஐம்பது சதவீத நிழல்வலை வாங்கி மேற்கு வெயிலை மறையுங்கள்.

கேள்வி: இணையத்தில் 'அரிய ஆர்க்கிட் விதைகள், 100 எண்ணம்' என்று 199 ரூபாய்க்கு வாங்கித் தொட்டியில் தூவினேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. கட்டையில் தூவியிருக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: எங்கே தூவினாலும் முளைக்காது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதற்குள் இருப்பதில்லை. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையோடு முளைக்கும், இல்லாவிட்டால் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த கூழில் முளைக்க வைக்க வேண்டும். பூஞ்சையின் துணையின்றிக் குடுவையில் முளைக்க வைக்கும் அந்த வழியை அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் வெளியிட்டார். எண்ணி எடுக்கும் அளவில் உங்களுக்கு வந்தவை வேறு ஏதோ செடியின் விதைகள். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: மலர்க் கண்காட்சி ஒன்றில், தேக்குக் கட்டையில் கட்டிய கேட்லியா ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கட்டையில் ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார் விற்றவர். ஒரு மாதத்துக்குள் செடி ஆட ஆரம்பித்தது. பாசியை விலக்கிப் பார்த்தால் வேர்கள் கருகி, நைலான் நரம்பு மட்டும்தான் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பில் தரவில்லை. நான் கவனமாகப் பார்த்திருக்க வேண்டுமோ?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை அம்மா. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் உங்களிடம் அந்த விலையை வாங்கியிருக்கிறார்கள், சொன்னது பொய். இதே ஏமாற்று எனக்கும் நடந்திருக்கிறது. நன்றாக வேர் பிடித்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் ஒன்சிடியத்தை வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றி, பாசி கரைந்த பிறகு பார்த்தால், வேரே இல்லாத தண்டுகளைக் கட்டையில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஆற்றாமை உண்டு.

தொட்டியில் வளர்ந்த செடியைப் பிடுங்கி, வேரை நறுக்கி, கட்டையில் வைத்துக் கட்டி, மேலே பச்சைப் பாசியைப் போர்த்தி, மறுநாளே இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். தொட்டிக்குள் வளர்ந்த வேர் அந்த ஈரத்துக்குப் பழகியது. திடீரென்று காற்றில் தொங்கவிட்டால் அதில் பெரும்பகுதி காய்ந்து சாகும். செடியைக் கட்டையில் நிறுத்துவது புதிதாகக் கிளம்பும் வேர்கள்தாம். அவை மரப்பட்டையைத் தொட்டுத் தட்டையாகப் படர்ந்து ஒட்டிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதுதான் கட்டைச் செடியை விற்பவர் செய்ய வேண்டிய உண்மையான உழைப்பு, அவர் அதிக விலை கேட்பதற்கும் அதுதான் நியாயம். அந்த உழைப்பைச் செய்யாமல் அதற்கான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, செடி சாகும் நாளை வாங்குபவர் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறவர்கள், கடைசியில் "நீங்கள் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை" என்று பழியையும் அவர்மேலேயே போடுகிறார்கள். அதை நம்பி, தனக்குக் கைராசி இல்லை என்று வருந்தி எழுதும் வாசகர்களின் கடிதங்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பாசியை விரலால் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். செடியின் அடியை மெல்ல அசைத்தால் கட்டையும் சேர்ந்து அசைய வேண்டும், செடி மட்டும் ஆடக் கூடாது. கட்டையோடு ஒட்டிய வேர் அழுந்தித் தட்டையாக இருக்கும், நகத்தால் நெம்பினாலும் வராது. ஒட்டாத வேர் உருண்டையாகத் தனித்து நிற்கும். வேர் நுனியில் ஈரப்பச்சையோ செம்பச்சையோ தெரிந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கட்டிய நரம்பு புத்தம் புதிதாகப் பளபளத்தால், இரண்டு வருடக் கதையை நம்ப வேண்டாம்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். யுபிஐ-யில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும், வேரின் புகைப்படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

செடியைத் தூக்கிப்போட வேண்டாம். கருகிய வேரை வெட்டிவிட்டு, சிறிய மண்தொட்டியில் கரியும் ஓட்டுச் சில்லும் போட்டு ஆடாமல் நிறுத்தி, நிழலில் வையுங்கள். தண்டு பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. புதுவேர் அரை அங்குலம் எட்டிப் பார்க்கும் சமயத்தில் கட்டைக்கு மாற்றினால் அது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: நீலநிறப் பெலனாப்சிஸ் வாங்கினேன். அடுத்த முறை வெள்ளையாகப் பூத்தது. தொட்டியிலிருந்து கட்டைக்கு மாற்றினால் நீலம் திரும்புமா?
– வாசகர், அண்ணாநகர்

பதில்: திரும்பாது. அது பூந்தண்டில் சாயம் ஏற்றிய வெள்ளைச் செடி. சாயம் என்று சொல்லாமல் விற்றிருந்தால் புகார் செய்யுங்கள்.

கேள்வி: செம்மண்ணும் மாட்டுச் சாணமும் கலந்து ஆர்க்கிட் வைத்தேன். மூன்று செடிகள் அழுகிவிட்டன. நான்காவதை ஆர்டர் செய்துவிட்டேன். இதையாவது கட்டையில் கட்டட்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: மூன்று செடிகள் ஒரே விதமாகச் செத்த பிறகும், காரணம் என்ன என்று கேட்காமல் நான்காவதற்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். வாங்கிய செடியின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. பெயர் தெரியாமல் தொட்டியா கட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. டெண்ட்ரோபியம், பெலனாப்சிஸ், கேட்லியா ஆகியவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். மண்ணும் சாணமும் அந்தக் காற்றை அடைத்துவிடும். பேஃபியோபெடிலம் போன்றவற்றைக் கட்டையில் கட்டினால் காய்ந்து போகும். மண்ணில்தான் வளர்க்க வேண்டும் என்று விரும்பினால், நம் ஊர் வீடுகளில் எளிதாகப் பூக்கும் ஸ்பேத்தோகுளோட்டிஸ் என்ற தரை ஆர்க்கிட்டை வாங்குங்கள். வரவிருக்கும் செடியின் பெயரை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பின் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆர்டர் செய்த வாண்டா, வெறும் பிளாஸ்டிக் கூடையில் வந்திருக்கிறது. உள்ளே கரியும் இல்லை, தேங்காய் மட்டையும் இல்லை. ஏமாற்று வேலையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. வாண்டா அப்படித்தான் வளர வேண்டும். தினமும் காலையில், தொங்கும் வேர் முழுவதும் பச்சையாகும்வரை அதை நனைத்துவிடுங்கள்.

கேள்வி: 'ஆர்க்கிட் கலவை' என்று 600 ரூபாய்க்கு வாங்கிய பையில் தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும்தான் இருக்கின்றன. பயன்படுத்தலாமா? கட்டையில் கட்டிவிட்டால் கலவைச் செலவே இல்லையே என்றும் தோன்றுகிறது. எந்த மரம் நல்லது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அந்தப் பையை ரோஜாவுக்குப் போடுங்கள், ஆர்க்கிட்டுக்கு வேண்டாம். தூள் ஈரத்தோடு இறுகினால் மழைக்காலத்தில் வேர் மூச்சுத் திணறி அழுகும். இப்படி ஒரு பையை நானும் வாங்கி வீணாக்கியிருக்கிறேன். அதிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பொருள்களின் பெயர் அச்சிடாத கலவையை வாங்குவதில்லை. அடுப்புக்கரி, உடைந்த நாட்டு ஓடு, கட்டைவிரல் அளவுக்கு நறுக்கிய தேங்காய் மட்டை ஆகியவை போதும். மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருப்பதால், தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

கட்டைக்கு, சொரசொரப்பான பட்டையுள்ள, சீக்கிரம் உளுத்துப்போகாத எந்தக் காய்ந்த மரமும் ஆகும். மா நல்லது. வார்னிஷ் பூசியது, மருந்து ஏற்றிய பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் ஆகியவை கூடாது. செம்புக் கம்பியால் கட்டாதீர்கள், செம்பு வேரைக் கொல்லும். பழைய பருத்தித் துணிக் கிழிசலோ மீன்பிடி நரம்போ போதும்.

கேள்வி: மலைப்பாதை ஓரத்தில், மரக்கிளையோடு வெட்டிய ஆர்க்கிட்டுகளை 200 ரூபாய்க்கு விற்கிறார்கள். இயற்கையே கட்டையில் ஏற்றித் தந்த செடி, விலையும் மலிவு. வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. காட்டிலிருந்து வெட்டி எடுத்தவை அவை. மலையின் குளிரும் ஈரமும் இல்லாமல் சமவெளி வீட்டில் பெரும்பாலும் பிழைக்காது. உங்கள் பக்கத்து அகத்தியமலையில் மட்டும் வளரும் பேஃபியோபெடிலம் ட்ரூரியை, சேகரிப்போர் தொடர்ந்து பிடுங்கியதால் அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பேஃபியோபெடிலங்களும் நீல வாண்டாவும் இருக்கின்றன. ஆர்க்கிட் குடும்பம் முழுவதின் பன்னாட்டு வணிகமும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்காக நாடுகள் செய்துகொண்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆர்க்கிட் கட்டுவதற்காக, மரம்போல் வளரும் மரப்பெரணியை அறுத்துச் செய்த பலகையையும் இதே காரணத்தால் நான் வாங்குவதில்லை. காட்டுச் செடிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வாங்குவதற்கு, திசு வளர்ப்பில் வந்த நாற்றுகளை விற்கும் நர்சரிக்குப் போங்கள்.

கேள்வி: கொரியரில் வந்த பெலனாப்சிஸ் மேலே நன்றாக இருந்தது. தொட்டியைத் திறந்தால் பாசி கல்லாக இறுகி, நடுவேர் முழுவதும் அழுகல். 'உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. அவர்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கும் வாசகம் அந்த விதியை ரத்து செய்துவிடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரித்தபோதும் தொட்டியைத் திறந்தபோதும் எடுத்த படங்களை இணைத்து இன்றே எழுதுங்கள். படம் எடுக்கவில்லை என்றால், அழுகிய வேரையும் இறுகிய பாசியையும் எறியாமல் ஒரு தாளில் பரப்பி இப்போதாவது எடுத்துவிடுங்கள். மீதமிருக்கும் நல்ல வேர்களோடு செடியைப் பக்கவாட்டில் துளையுள்ள தொட்டியில், பாசி இல்லாமல், கரியில் வையுங்கள். கட்டையில் கட்ட இது நேரமில்லை. வேர் குறைந்த செடி ஈரோட்டுக் கோடையைக் கட்டையில் தாங்காது.