நான்கு நாள் லீவு எடுத்தும் தீராத அசதி
வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வயது 41. வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பாஸ்புக்கை நீட்டும் பெரியவர்களிடம்கூட எரிந்து விழுகிறேன். தீபாவளிக்கு நான்கு நாள் லீவு எடுத்தேன். திரும்பிய முதல் நாளே பழைய குருடி கதவைத் திறடி. இது வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா? – வாசகி, சேலம்.

பதில்: களைப்பு மட்டும் என்றால் அந்த நான்கு நாளில் தணிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐசிடி-11 நோய்ப்பட்டியல், பர்ன்அவுட்டை ஒரு நோயாகச் சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்கிற வேலை சரியாக வரவில்லை என்ற எண்ணம். முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே தெரிகின்றன. பெரியவர்களிடம் எரிந்து விழுவதை உங்கள் குணக்கேடு என்று நினைத்து வருந்தாதீர்கள்.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பி12, சர்க்கரை நான்கையும் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கில் போக்கு அதிகமிருந்தால் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கி, இதே அசதியைத் தரும். மாத்திரையில் தீரக்கூடியதை மனசின் மேல் போட்டுவிடக் கூடாது. மூன்று மணி விழிப்பையும் தனியாகக் கவனிக்க வேண்டும். லீவு நாளிலும் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, பிள்ளைகளின் பேச்சுகூடச் சந்தோஷம் தரவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்; கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

லீவு ஏன் உதவவில்லை? நீங்கள் இல்லாத நாளில் வேலை குறையவில்லை, சேர்ந்துகொண்டது. ஓய்வைச் சேர்த்துவைத்து மொத்தமாக எடுக்க முடியாது. அன்றன்றைக்கு எடுத்தால்தான் ஒட்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கவுன்ட்டரை விட்டு எழுந்து 20 நிமிடமாவது வேறு இடத்தில் உட்காருங்கள். கடைசி காபி மதியம் இரண்டு மணியோடு சரி. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; மாலை ஆறு மணி காபியில் பாதி, படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். சாயங்காலம் கணக்கு முடித்ததும், பாக்கி நிற்பதையும் நாளை முதலில் தொட வேண்டியதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜை டிராயரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எழுதாமல் விட்டதைத்தான் மூளை மூன்று மணிக்கு எழுப்பி நினைவூட்டும். அப்போது விழித்தால் மணி பார்க்காதீர்கள். சுமார் 20 நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். ஞாயிறு உட்பட எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் வேலைச் சுமை அப்படியே இருந்தால் பலன் பாதிதான். அதனால் மேலாளரிடம் பேசியே ஆக வேண்டும். “வேலை ஜாஸ்தி சார்” என்றால் “பார்த்துக்கலாம்மா” என்பதோடு முடிந்துவிடும். இரண்டு வாரம் குறித்துவையுங்கள்: எந்த மணிக்குக் கூட்டம், காசு எண்ணும்போது இடையில் யார் என்ன வேலைக்கு எழுப்பினார்கள், எத்தனை தடவை. அந்தத் தாளைக் காட்டி ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: “11 முதல் 1 வரை எனக்குப் பணப் பட்டுவாடா மட்டும், கேஒய்சி வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.” கணக்கில் பிசகு வராமல் இருக்கும் என்பது அவருக்கும் லாபம்.

கேள்வி: பதற்றம் குறைய யூடியூப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்கிறேன். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது. விரல் நுனி மதமதக்கிறது. விட்டுவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: இப்போது செய்யும் முறையை விடுங்கள், பயிற்சியை விட வேண்டாம். ‘ஆழமாக இழு’ என்றதும் பலரும் நெஞ்சு புடைக்க வேகமாக இழுத்து விடுகிறார்கள். ரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கிறுகிறுப்பு அதனால்தான். விரல் மதமதப்புக்கும் கரியமில வாயு குறைவதுதான் காரணம்.

வாயை மூடி, தொப்புளுக்கு மேல் கையை வையுங்கள். மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். காற்றின் அளவு கூட வேண்டாம், வேகம்தான் குறைய வேண்டும். மூக்கடியில் விரலை வைத்தால் காற்று மெலிதாகப் பட்டால் சரி. மூச்சு முட்டினால் மூன்று, நான்கு என்று தொடங்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பதறும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது. மனம் அமைதியாக இருக்கும்போது தினம் ஐந்து நிமிடம் பழகுங்கள். பயிற்சி செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கிறுகிறுப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வாரம் 60 மணி நேரம் ஐடி வேலை. தினமும் ஜிம் போகிறேன். உடம்புக்கு ஒன்றும் ஆகாதுதானே? – வாசகர், கோவை.

பதில்: ஜிம் நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் அது எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். முதலில் வீட்டில் ரத்த அழுத்தம் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, காலையும் மாலையும் இரண்டு முறை, ஏழு நாள் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். 135/85-ஐ எட்டினால் அந்தத் தாளோடு பொது மருத்துவரிடம் போய்விடுங்கள்.