கதையில் அடிபடும் பிள்ளைகள்: கேள்வி பதில்

காரைக்குடியில் விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை பார்க்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதுவயல் வாசகர்: அக்கா, என் நாயகிக்கு 15 வயசு. கபடி ஆடுறா. யாரும் தள்ளாமலே முட்டி போகணும். நடக்குமா?

நடக்கும். பல முட்டிகள் அப்படித்தான் போகின்றன. பாடிப் போனவள் நடுக்கோட்டுக்குத் திரும்பச் சட்டென்று உடம்பைத் திருப்புகிறாள். பாதம் மண்ணில் ஊன்றியே இருக்க, முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுகிறது. உள்ளே ஏதோ 'டப்'பென்று தெறித்ததை அவள் உணர்வாள். முதல் வலி சில நிமிடங்களில் தணிந்து, எழுந்து நடந்துகூடப் பார்ப்பாள். ஓரிரு மணி நேரத்தில் முட்டிக்குள் ரத்தம் கோத்து வீங்கிவிடும்.

இதற்குப் பிறகு வரும் வாரங்களைத்தான் எழுத்தாளர்கள் தவறவிடுகிறார்கள். வீக்கம் வற்றியதும் நேராக நடப்பாள், வீட்டில் "சரியாப் போச்சு" என்பார்கள். ஒருநாள் முகப்புப் படியில் இறங்கித் திரும்பும்போது முட்டி நழுவும். எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும், ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அறுவை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். அடுத்த மாதப் போட்டியில் அவளை இறக்காதீர்கள். இந்த வயதில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: 13 வயசுப் பையனுக்குக் கால் பிசகுது. அப்பத்தா எண்ணெய் தேய்ச்சு சுளுக்கு வழிக்கிறாங்க, மறுநாள் ஓடுறான். சரியா?

சரியில்லை. வளரும் எலும்பின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு இருக்கிறது. இந்த வயதில் ஜவ்வைவிட அதுதான் பலவீனம். பெரியவருக்கு ஜவ்வு பிசகும் அதே அடியில் பிள்ளைக்குத் தகடு விரியலாம், சில சமயம் எக்ஸ்-ரேயிலும் பிடிபடாது. வெளிக்கணுக்கால் எலும்பை விரலால் அழுத்தினால் துடித்துப்போவான். அதை வழித்தால் காயம் கூடும். முட்டியருகே இந்தத் தகடு பெண்களுக்கு 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வாக்கிலும் மூடும். அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறேன்: பாத்திரத்தின் வயதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கண்டனூர் வாசகர்: கிரிக்கெட் பந்து தலையில் பட்டு, தன் பெயரே மறந்துபோகிறது…

மறக்காது. அடிக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவைதான் அழியும். கேட்டதையே திரும்பக் கேட்பான், வாந்தி வரும், வெளிச்சம் கூசும், பாடம் மண்டையில் ஏறாது. பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து.

தேவகோட்டை வாசகர்: என் கதையில் முன்கை ஒடிந்தவனை எலும்பு வைத்தியர் குணமாக்குகிறார். தப்பா? எங்க ஐயாவுக்குப் புத்தூர் கட்டுதான் கைகொடுத்தது.

குணமாகலாம். எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விட்டிருந்தால், அசையாமல் வைத்தாலே பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் கூடிவிடும். உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் காய்ந்து இறுகி, மூங்கில் பட்டையோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. என் பயம் இறுக்கத்தைப் பற்றியது. முதல் இரண்டு நாள் கை உள்ளே வீங்கும். கட்டு இடம் கொடுக்காவிட்டால் சதைக்கு ரத்தம் போகாது, சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்கும். விரல்கள் கொக்கிபோல் மடங்கி நிரந்தரமாக நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் இதை 1881-லேயே விவரித்தார். விரலை நீட்டிவிட்டால் உயிர்போகிற வலி, அதுதான் முதல் அறிகுறி. மரத்துப்போவதும் வெளுப்பதும் அதற்குப் பிறகு.

தேவகோட்டை வாசகர், மறுபடி: ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இறுக்கினால் அதே கதிதானே?

அதே கதிதான், மறுக்கவில்லை. அதனால்தான் முதல் நாள் பெரும்பாலும் முழுக்கச் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் மாவு வைக்கும் பாதிக்கட்டு போடுகிறார்கள், விரல் மரத்தால் ராத்திரியானாலும் வரச் சொல்கிறார்கள். எந்தக் கட்டானாலும் பிள்ளை அழுதால் உடனே அவிழ்க்க வேண்டும். "வலி இருந்தாத்தான் எலும்பு கூடும்" என்று யாராவது சொல்லும் காட்சியை எழுதினால், அதன் விளைவையும் எழுதுங்கள்.

குன்றக்குடி வாசகர்: பாரம்பரியத்தை வில்லன் ஆக்குறீங்க.

இல்லை. எக்ஸ்-ரே எடுத்து வந்தால்தான் கை வைப்பேன் என்கிற வைத்தியர்கள் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வந்திருந்தால் தொடாமல் அனுப்பிவைப்பவரை எழுதுங்கள், மனதாரப் பாராட்டுவேன். எனக்குப் பிள்ளையின் கைதான் முக்கியம். இந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் எழுத மாட்டேன்.

கானாடுகாத்தான் வாசகர்: சிலம்பத்தில் முன்பல் விழுந்தால்?

நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கோட்டையூர் வாசகர்: தலையில் அடிபட்டவன் அம்மாவை அடையாளம் தெரியாமல்…

கண்டனூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: சிராவயல் மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்த்த 16 வயசுப் பையனுக்கு வயிற்றில் கொம்பு ஏறுகிறது.

என் துறை இல்லை, அறுவை மருத்துவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: குடல் வெளியே வந்தால் யாரும் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும்.

செக்காலை வாசகர்: சுளுக்கு எத்தனை நாளில் ஆறும்? இறுதிப் போட்டி பத்து நாளில்.

வயது சொல்லவில்லை. லேசான பிசகு என்றால் இரண்டு வாரம் வரை, ஜவ்வு பாதி கிழிந்தால் மாதத்துக்கும் மேல். போட்டியைத் தள்ளி வையுங்கள், காயத்தைச் சுருக்காதீர்கள்.

ஆத்தங்குடி வாசகர்: மாவுக்கட்டு பிரிக்கும் காட்சி எழுதணும்.

இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். உள்ளே வியர்வை நாறும். தோல் செதில் செதிலாக உரியும். காலில் போட்ட கட்டு என்றால், தொடை மற்றக் காலின் தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருக்கும். மூட்டு விறைத்து மடங்காது. அன்றே ஓடலாம் என்று வந்த பையன், மருந்தகம் வரை நடக்க அப்பாவின் தோளைப் பிடிப்பான். பழைய தொடை திரும்பி வர மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், அதில் அவன் அலுத்துக்கொள்வதையும் எழுதுங்கள்.