கைத்துப்பாக்கி வாங்கும் முன்: அமெரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. எங்கள் மளிகைக் கடையை இரவு பத்தரைக்கு நான்தான் பூட்டிவிட்டு வருகிறேன். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். உள்ளங்கையில் அடங்குகிற ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்து வைத்து, "பெண்களுக்கு இதுதான் சுலபம், கைப்பையில் போட்டுக்கொள்ளலாம்" என்றார் விற்பனையாளர். 800 டாலர் வரை செலவு செய்வோம். வீட்டில் நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: அந்த ரிவால்வர் வேண்டாம். கைப்பையில் எந்தத் துப்பாக்கியும் வேண்டவே வேண்டாம்.

அவர் காட்டியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 அல்லது அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும். எடை 400 கிராம்தான். வாங்கும்போது வசதியாகத் தெரிகிற அந்த எடைக்குறைவுதான் சுடும்போது எதிரி. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதையைத் தாங்குவதற்கு உலோகம் போதாததால், அத்தனையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையில் வந்து இறங்கும். அதோடு, விசையை (டிரிகரை) இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். 400 கிராம் பொருளில் ஐந்து கிலோ விசையை இழுத்தால் குழல்முனை ஆடாமல் இருக்குமா? வருடக்கணக்கில் பழகியவர்கள் கையில் அது நல்ல ஆயுதம், மறுக்கவில்லை. புதிதாகப் பழகுகிறவர் முதல் பெட்டித் தோட்டா தீர்வதற்குள் கை வலித்துப் பயிற்சியையே விட்டுவிடுவார். பெண்ணைப் பார்த்ததும் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டுகிற பழக்கம் இந்தக் கடைகளில் இன்னும் போகவில்லை. எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது 9 மி.மீ. தோட்டா போடுகிற பிஸ்டல், நடுத்தர அளவில். 1986ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்களை இழந்த எஃப்பிஐ பெரிய தோட்டாக்களுக்குப் போனது. பிறகு தோட்டாக்களின் தரம் உயர்ந்ததும் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. உதை குறைவு, விலை குறைவு, சிறிய உடலிலும் பத்துத் தோட்டாவுக்குக் குறையாமல் கொள்ளும். கிளாக் 19, கிளாக் 43எக்ஸ், சிக் சாவர் பி365, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் இந்த நான்கையும் பார்த்தால் போதும். 2018ல் வந்த பி365 அரைக் கிலோ எடையில் பத்துத் தோட்டா கொள்ளும். கிளாக் 19 இன்னும் கொஞ்சம் கனம், 15 கொள்ளும், சுடுவதற்கு எல்லாவற்றையும்விட மிருதுவாக இருக்கும். ஆனால் மெல்லிய உடல்வாகு உள்ளவர்கள் சுடிதாருக்கோ டி-ஷர்ட்டுக்கோ உள்ளே மறைப்பது கஷ்டம்.

இவற்றில் எது என்பதை உங்கள் கைதான் சொல்ல வேண்டும். கடையில் முதலில் தோட்டாக்களை அடுக்குகிற மேகசினைக் கழற்றி, முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். பிறகு பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடித்து, பாதுகாப்பான பக்கம் நீட்டுங்கள். துப்பாக்கியின் முதுகும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடி மாறாமலே சுட்டுவிரலின் முதல் கணு விசையில் படிய வேண்டும். விசையைத் தொடுவதற்குக் கையைத் திருகிக்கொள்ள நேர்ந்தால் அது உங்கள் அளவு இல்லை. அடுத்து, ஸ்லைடை நீங்களே பத்து முறை இழுத்து விடுங்கள். கணவர் இழுத்துக் காட்டுவது கணக்கில் வராது.

இத்தனைக்கும் பிறகும் அன்றே வாங்கிவிடாதீர்கள். டாலஸ் வட்டாரத்தில் சுட்டுப் பழகுகிற ரேஞ்ச் நிறைய இருக்கிறது, பெரும்பாலானவற்றில் வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள். இரண்டு மூன்று வகைகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். கடையை விட்டு வெளியே போன துப்பாக்கியை அநேகமாக எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. பிடிக்கவில்லை என்றால் பழைய பொருள் விலைக்குத்தான் விற்க வேண்டிவரும்.

800 டாலரையும் துப்பாக்கியிலேயே போடாதீர்கள். 450 டாலரிலிருந்து 500க்குள் முடித்துக்கொள்ளுங்கள். போலீஸ் துறைகள் மாற்றிக்கொடுத்த பழைய கிளாக்குகள் இன்னும் குறைவாகக் கிடைக்கும். உறைக்குள் போய்வந்து வெளியே தேய்ந்திருக்குமே தவிர, பெரும்பாலும் அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். மிச்சப் பணத்தில் விசைப்பகுதியை முழுக்க மூடுகிற கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை ஒன்று 60, 80 டாலரில் வாங்குங்கள். அதைத் தாங்கக் கெட்டியான பெல்ட் வேண்டும். துணியில் தைத்த, எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற பத்து டாலர் உறை ஆபத்தானது. அது மடங்கி விசையில் மாட்டித் துப்பாக்கி தானே வெடித்திருக்கிறது. பயிற்சிக்குச் சாதாரணத் தோட்டா, இடுப்பில் வைப்பதற்கு ஸ்பீர் கோல்டு டாட் அல்லது ஃபெடரல் ஹெச்எஸ்டி மாதிரி நுனி குழிந்த தோட்டா. குழிந்த நுனி உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும். எதிராளியைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்மேல் பாயும் வாய்ப்பு அதில் குறைவு.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், ஒரு வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்டது. உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவர் முறையாக உரிமம் பெற்றவர், பழகியவர். அந்தப் பையும் துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் வைத்துத் தைத்ததுதான். உங்கள் வீட்டிலும் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது. துப்பாக்கி உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. கைரேகைப் பெட்டிகளைவிட, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கிற இயந்திரப் பூட்டுப் பெட்டியை நான் நம்புகிறேன். பேட்டரி தீர்ந்து போகும் கவலை இல்லை. 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விடுவது டெக்சஸில் குற்றமும்கூட.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதான, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடியவர்கள் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துப் போகலாம். இருந்தாலும் நீங்கள் உரிமம் எடுங்கள். கட்டணம் 40 டாலர். வகுப்பு உண்டு, மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் ஐம்பது முறை சுட்டுக் காட்ட வேண்டும். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, அந்த மாநிலத்து உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற உங்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லாவைக் கேட்டால் கல்லாவைக் கொடுத்துவிடுங்கள். கடை பூட்டுகிற நேரத்தில் இன்னொருவர் கூட இருப்பது, வெளியே நல்ல வெளிச்சம், காரை வாசலை ஒட்டி நிறுத்துவது இவையெல்லாம் துப்பாக்கியைவிட முந்திக்கொண்டு உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: ஆஸ்டினில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வேட்டை உரிமம் எடுத்தால் துப்பாக்கி வாங்கலாம் என்கிறார்கள். இல்லையென்றால் குடியுரிமை உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது சிறைக்குப் போகும் வழி. இன்னொருவருக்காக வாங்கிவிட்டுத் தனக்கென்று, கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்புகிற 4473 படிவத்தில் எழுதிக் கொடுப்பது மத்தியக் குற்றம். 2022ல் வந்த சட்டத்தின்படி இந்தப் பினாமிக் கொள்முதலுக்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. நண்பரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாளே, அலமாரியில் இருக்கும் உங்கள் துப்பாக்கி குற்றப்பொருள் ஆகிவிடும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலுக்கு அதுவே போதும். கிரீன் கார்டு வரட்டும் என்று காத்திருங்கள் என்பதுதான் என் யோசனை. அவசரம் என்று நினைத்தால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு காசு செலவழிக்காதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில்தான் வரும், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா அட்லாண்டாவில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன், வயது 67. மூட்டு வாதம். அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பிஸ்டல் ஸ்லைடை இழுக்க விரலில் பலம் இல்லை. பாதுகாப்புக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அவரைப் போல் பலம் குறைந்த கைக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் என்று ஒரு வரிசை போட்டிருக்கிறது. 2018ல் .380 என்ற தோட்டா அளவிலும் 2020ல் 9 மி.மீ.யிலும் வந்தது. ஸ்லைடு லேசாக வரும், மேகசினில் தோட்டா ஏற்றுவதும் எளிது. .380 உதையும் குறைவு, அவருக்கு அதைத்தான் சொல்வேன். பழையதாக 9 மி.மீ. வாங்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தயாரானவற்றில் சிலவற்றின் சுத்தியலில் குறை இருந்து கம்பெனியே திரும்பக் கேட்டது. வரிசை எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். தொட்டில் முதல் டோஸ்டர் வரை கண்காணிக்கிற அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிமேல் அதிகாரமே கிடையாது. குறையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அது உத்தரவிட முடியாது, தயாரிப்பாளராகச் சொன்னால்தான் உண்டு. எந்தத் துப்பாக்கியானாலும் வாங்கிய அன்றே கம்பெனியில் பதிவு செய்துவிடுங்கள்.

உண்மையான பரிசாகக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் அவரையே கடைக்குக் கூட்டிப்போய் அவர் பெயரிலேயே வாங்குவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துணையை இழந்து தனியாக இருக்கிற வயதான ஆண்களை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, "இனிமேல் நான் இருந்து என்ன" என்கிற பேச்சு வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் துப்பாக்கிப் பேச்சையே எடுக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை யாரும் எந்நேரமும் அழைக்கலாம், கவலையில் இருக்கிற பிள்ளைகளும் அழைக்கலாம். பாதுகாப்புக்கு இப்போதைக்கு வாசல் கேமராவும் நல்ல தாழ்ப்பாளும் போதும். முடிந்தால் கொஞ்ச நாள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்கு மாற்றல். கிளாக் 19ம் டெக்சஸ் உரிமமும் இருக்கின்றன. அப்படியே கொண்டுபோகலாமா?

பதில்: துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். அதோடு வந்த 15 தோட்டா மேகசின்களைக் கொண்டுபோகக் கூடாது, அங்கே பத்துக்கு மேல் தடை. கிளம்பும் முன் பத்து தோட்டா மேகசின் இரண்டு வாங்கிக்கொண்டு பழையவற்றை டெக்சஸிலேயே விற்றுவிடுங்கள். டெக்சஸ் உரிமம் நியூ ஜெர்சி எல்லையைத் தாண்டினால் செல்லாது. வேறு எந்த மாநில உரிமத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. வழி நெடுகத் தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் போட்டு, கார் டிக்கியில் வையுங்கள். நியூ ஜெர்சிக்குள் உரிமம் இல்லாமல் இடுப்பில் வைத்துப் பிடிபட்டால், முதல் தடவையாக இருந்தாலும் கட்டாயச் சிறைத் தண்டனை வரலாம். குடியேறிய 60 நாளுக்குள் துப்பாக்கியைப் பதிவு செய்து, துப்பாக்கி வாங்குவதற்கான மாநில அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாநிலத்து உரிமம் பெற்ற பிறகும், நுனி குழிந்த தோட்டாவை வீட்டில் வைக்கலாமே தவிர, தற்காப்புக்கென்று துப்பாக்கியில் ஏற்றி இடுப்பில் வைத்து வெளியே போக முடியாது. நுனிக் குழியைப் பாலிமரால் நிரப்பிய ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் போன்றவற்றை மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற முதுகுப்பையைத்தான் ஊருக்குப் போகும்போதும் எடுத்துப் போகிறேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும். ரேஞ்சுக்கென்று தனிப் பை இருக்க வேண்டும், அதில் வேறு எதையும் வைக்காதீர்கள். 2023ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பெரும்பாலானவற்றில் தோட்டா இருந்தது. "மறந்துவிட்டேன்" என்பதுதான் வழக்கமான பதில். அங்கே அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். சென்னையில் விஷயம் வேறு. பையின் தையலுக்குள் உருண்டு கிடக்கிற ஒரே ஒரு தோட்டாவுக்கும் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடலாம். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் விடுமுறையும் வேலையும் என்ன ஆகும்? இந்த முதுகுப்பையை ஊருக்கு எடுத்துப்போகாமல் ரேஞ்சுக்கே ஒதுக்கிவிடுங்கள். பயணத்துக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.