முள்ளும் பாவும்

அன்புள்ள ஐயா,

நிமோனியா வந்து அம்மா பத்து நாள் படுக்கையில் இருந்தார். வெள்ளை அணுக்கள் 18,000. இப்போது காலில் ரத்தக்கட்டி என்கிறார்கள். வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும் போர்வீரர்கள் என்றுதானே படித்தோம்? ரத்தம் உறைவதில் அவற்றுக்கு என்ன வேலை? பூண்டு கொடுத்தால் கட்டி கரையுமா?

க., சேலம்

அன்புள்ள க.,

பூண்டு ரசம் வையுங்கள், ருசிக்கு. கட்டிக்கு டாக்டர் கொடுத்த மருந்துதான். அவரைக் கேட்காமல் வேறெதையும் அதோடு சேர்க்கவோ, மருந்தை நிறுத்தவோ கூடாது. அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போர்வீரர்கள் என்றீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். 1882-இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி, நம் வெள்ளை அணுக்களைப் போன்ற அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. எந்த எதிரியைத் தேடி வந்தன? வெறும் முள் அய்யா!

அம்மாபேட்டைத் தெருவில் தறிக்கு நெடுக்கு நூலான பாவை நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கிருமியை விழுங்கும். சில சமயம் தன் டிஎன்ஏவையே அவிழ்த்து, அந்தப் பாவு மாதிரி வெளியே வலையாக விரித்துவிடும். பெர்லினில் 2004-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இழைகளில் கிருமி சிக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் ஒட்டும். மோனோசைட் என்ற இன்னொரு வகை, திசுக்காரணி என்ற புரதத்தை மேலே ஏந்திக்கொண்டு உறைதலைக் கிளப்பிவிடும். ஃபைப்ரின் என்ற உறைநார் குறுக்கு நூலாக, ஊடையாக ஓடும். கிருமி பரவாமல் வழியடைக்க உடம்பு நெய்கிற துணி இது. நாள் கணக்கில் படுத்தே கிடந்து, காலில் ரத்தம் மெதுவாக ஓடும்போது, அழற்சியும் சேர்ந்தால், வேண்டாத இடத்திலும் நெய்துவிடும். இதில் வீரம் எங்கே வந்தது?

என் அப்பா தறிக்காரர். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து ரோஜாப் பதியன் கொண்டுவந்தபோது கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. விரல் சிவந்து, வீங்கி, கொதித்தது. நாடா இழுக்க முடியவில்லை. பாதிச் சேலை தறியிலேயே நின்றது. பாட்டி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே, ஏற்காட்டுக்குப் போனவனைத் திட்டித் தீர்த்தாள். நான்காம் நாள் சீழோடு முள் வெளியே வந்தது. சீழ் என்பது பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள்தான். அப்பா அந்த முள்ளை பல்பு வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தறிக்குழியில் இறங்கி, அறுந்த இழைகளை முடிய ஆரம்பித்துவிட்டார்.