சோனி ஏ6400 கமராவுக்குச் சின்ன அகலக் கோண லென்ஸ்: 11, 15, 16 மி.மீ.-இல் எதை எடுப்பது?

கேள்வி: மட்டக்களப்பில் கோயில் சடங்கு, வீட்டு விசேஷம், வாவிக்கரை எல்லாம் எடுக்க, ஏ6400-இல் போடப் பாரமில்லாத அகலக் கோண பிரைம் (சூம் இல்லாத) லென்ஸ் எது நல்லது?

மி.மீ. எண் குறையக் குறையக் கூடுதல் அகலம் பிடிக்கும், எஃப் எண் குறையக் குறையக் கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும். கையில் காசு இருந்தால் சோனி 15 மி.மீ. எஃப்/1.4 ஜி. 219 கிராம்தான், 55 மி.மீ. பில்டர், தூசி ஈரத்துக்கு ஓரளவு காப்பும் உண்டு. காசு இடிக்கிறதென்றால் சிக்மா 16 மி.மீ. எஃப்/1.4. படம் அருமையாக வரும், ஆனால் 405 கிராம். ஏ6400 பற்றரியோடு 403 கிராம் என்பதால், கழுத்தில் போட்டால் லென்ஸ் முன்னுக்குச் சரிந்தே தொங்கும்.

67 கிராம் சோனி 16 மி.மீ. எஃப்/2.8 சட்டைப் பையிலேயே அடங்கும். ஆனால் மூலைகள் மங்கல், இரவுக்கும் பத்தாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு இரவில் போகிறவர் இதை விடுவதே நல்லது. எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ (கூட்டினால் படத்தில் புள்ளி விழும் உணர்திறன் அளவு) 6400 கேட்கும் வெளிச்சத்துக்கு எஃப்/1.4-இல் 1600 போதும். ஏ6400-இன் உடம்பில் அதிர்வுத் தடுப்பு இல்லை, இந்த லென்ஸ்களிலும் இல்லை. ஆட்கள் அசையும் இடத்தில் ஷட்டர் வேகம் 1/125 செக்கனுக்குக் கீழே இறங்காதீர்கள்.

11 மி.மீ. எஃப்/1.8 (181 கிராம்) பலரை இழுக்கும். கணக்குப் பாருங்கள்: சென்சரின் அகலம் 23.5 மி.மீ. ஹோலில் மூன்று மீற்றர் தள்ளி நின்றால் 16 மி.மீ. 4.4 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும், 11 மி.மீ. 6.4 மீற்றர். கூட்டுப் படத்துக்கு வசதிதான், ஆனால் ஓரத்தில் நிற்கிற மாமியின் முகம் பூசணிக்காயாய் இழுபடும். அது லென்ஸின் பிழையல்ல, அகலக் கோணத்தின் இயல்பு. 16-இலும் கொஞ்சம் வரும். ஆட்களை நடுவுக்கு எடுத்து, கமராவை நெஞ்சுயரத்தில் மட்டமாகப் பிடித்தால் குறையும். சின்ன அறை, வீடியோ என்றால் மட்டும் 11.

கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களை எடுத்தால் நேர்கோடு வளைவது பளிச்சென்று தெரியும். கமராவில் லென்ஸ் திருத்தத்தில் வளைவை ‘ஆட்டோ’வில் விடுங்கள். ரோவில் (கமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் கணினியில் அந்த லென்ஸின் புரொபைலை, அதாவது அதன் வளைவைத் திருத்தும் அமைப்பைப் போட வேண்டும். வாவிக்கரையில் எஃப்/5.6 வைத்து இரண்டரை மீற்றரில் போகஸ் பண்ணினால், ஏறக்குறைய ஒன்றேகால் மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். போலரைசரை (வானத்தைக் கருநீலமாக்கும் பில்டரை) மறந்துவிடுங்கள், இவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறு பக்கம் வெளிறலாகத் திட்டுத் திட்டாக விழும்.

கடற்கரையால் வந்ததும் துணியால் துடைக்க அவசரப்படாதீர்கள். உப்புத் துகளும் மணலும் பூச்சைக் கீறும். முதலில் ஊதுபந்து, பிறகுதான் ஈரம் தொட்ட மைக்ரோபைபர். மாரியில் இங்கே லென்ஸுக்குள் பங்கசு (பூஞ்சணம்) சீக்கிரம் பிடிக்கும். இறுகிய மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40–50 வீதத்தில் வையுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கினால், பின்பக்கமாக போன் டோர்ச்சை அடித்து உள்ளே பங்கசின் நூல்வலை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு டைல்ஸ் சுவரை நேராக நின்று எஃப்/1.4-இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெருப்பித்துப் பாருங்கள். நான்கும் ஒரேயளவு மங்கினால் பரவாயில்லை. ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.