கற்பித்தல் பயிற்சியின்போது உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

கேள்வி கேட்டவர் அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறாராம். "கல்லூரியில் சொல்லித்தராத எதையாவது சொல்லுங்கள்" என்றும் சேர்த்திருக்கிறார். கல்லூரியைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. பாடக்குறிப்பு எழுத அங்கேதான் கற்றேன். அதை எப்போது மூடி வைப்பது என்பதைத்தான் வேறோர் இடத்தில் கற்க வேண்டியிருந்தது.

எனக்குக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு, கணக்குப் பாடம். வழிகாட்டியாக அமைந்தவர் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த ஒரு பெண்மணி. அவரை நான் கடைசிவரை "டீச்சர்" என்றுதான் அழைத்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் வகுப்பு 40 நிமிடம். அதற்கு ஒன்பது பக்கப் பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். பேசினேன், வரைந்தேன், இரவெல்லாம் உட்கார்ந்து செய்த வண்ண அட்டைகளைக் காட்டினேன், மணி அடிக்கவும் பாடம் முடியவும் சரியாக இருந்தது. டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். குரல் எப்படி, கரும்பலகை எழுத்து எப்படி என்று மதிப்பிட்டிருப்பார், கொஞ்சம் பாராட்டும் இருக்கும் என்ற நினைப்பில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"10.05: கடைசி வரிசையில் இருவர் தேதியை எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். 10.11: சுவரோரப் பையன் பென்சில் சீவ எழுகிறான், மூன்றாம் முறை. 10.14: நடு வரிசைப் பெண் பக்கத்து நோட்டைப் பார்த்து விடையை மட்டும் எழுதுகிறாள். 10.20: அட்டைகளை எல்லோரும் ரசிக்கிறார்கள். அட்டையில் என்ன இருந்தது என்று என் பக்கத்தில் இருந்த இருவரைக் கேட்டேன். பூ என்றார்கள்."

பூதான். நான்கு இதழ்களில் மூன்றுக்கு வண்ணம் தீட்டி, நான்கில் மூன்று பங்கைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் எப்படி நடத்தினேன் டீச்சர்?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"உன்னை நான் பார்க்கவில்லையே. நீதான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அது போதாதா? பிள்ளைகளை யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா?"

அன்று எனக்கு அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் முதல் வாரத்தில் ஒரு நாள் வரும்.

இரண்டாம் வாரம் அவர் என்னிடம் நீட்டியது ஒரு வரைபடம். வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டங்களாகப் போட்டு, நான் யாரையெல்லாம் கேள்வி கேட்டேனோ அவர்கள் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளிகள் முன்வரிசையிலும் நடுவிலும் கொத்தாகக் கிடந்தன. இடப்பக்கச் சுவரோரம் வெள்ளையாக இருந்தது. நான் வலக்கையால் எழுதுகிறவள். எழுதிவிட்டுத் திரும்பினால் என் முகம் எப்போதும் ஒரே பக்கமாகவே திரும்பியிருக்கிறது. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் உடம்பே ஒதுக்கிக்கொண்டிருந்தது. அந்த வரைபடத்தை யாராவது ஒருவரிடம் சொல்லி உங்களுக்கும் போடச் சொல்லுங்கள். உங்கள் நினைவை நம்பாதீர்கள், எல்லோரையும் கேட்டதாகவே அது சாட்சி சொல்லும்.

அடுத்து, காத்திருப்பது. நான் கேள்வி கேட்பேன், யாரும் பேச மாட்டார்கள், உடனே நானே விடையைச் சொல்லிவிடுவேன். அந்த மௌனம் என் தோல்வி போல எனக்குத் தோன்றியதால்தான் அவசரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில் இதே நோயைப் பதிவு செய்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் கண்ட இன்னொன்றுதான் என்னை உறுத்தியது. மந்தமான பிள்ளைகள் என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்கு, கெட்டிக்காரர்களுக்குக் கொடுத்ததைவிடவும் குறைந்த நேரமே கிடைத்திருக்கிறது. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவனுக்குக் குறைந்த நேரம்! நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், அதற்குக் கருணை என்று பெயரும் வைத்திருந்தேன். "பாவம், தெரியவில்லை, நிற்க வைக்க வேண்டாம்" என்று அடுத்தவனிடம் தாவிவிடுவேன்.

டீச்சருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்ன வழி காலால் செய்வது. "கேள்வியைக் கேட்டதும் பின்சுவரைப் பார்த்து நட. சுவரைத் தொட்ட பிறகு திரும்பு." அவ்வளவுதான். மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால் மூன்றை ஒன்றரை விநாடியில் எண்ணிவிடுவேன், கால் அப்படி ஏமாற்றாது.

இனி, என் பயிற்சியில் மிகப் பெரிய விஷயம்: பிழைகள்.

"புரிந்ததா?" என்று கேட்பதை அவர் எனக்குத் தடை செய்தார். "புரிந்தது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் பாடும், அது வெறும் மரியாதை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் துண்டுத்தாளில் எழுத வைக்கச் சொன்னார். முதல் நாள் அவரே கொடுத்தது இது: 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? ஐந்தாம் வகுப்புக்கு இது ஒரு கணக்கா என்று நான் நினைத்தேன். தாள்களைத் திருப்பினால் ஒன்றன்பின் ஒன்றாக 12, 12, 12. சிலர் 17. சமக்குறி என்றால் "இதோ விடை வருகிறது" என்ற அறிவிப்பு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது அவர்களுக்குப் படவே இல்லை. ஐந்து ஆண்டுகளாகச் சமக்குறிக்கு வலப்பக்கம் விடையை மட்டுமே எழுதிவந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அதை அப்படியே விட்டால், இயற்கணிதம் வரும் நாளில் அவர்கள் எதன் மேல் நிற்பார்கள்?

பிறகு ஒரு நாள் சுவரோரப் பையனின் நோட்டை என் கையில் கொடுத்தார். அதே பென்சில் சீவும் பையன்தான். 52 − 27 = 35 என்று எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். "மூடு" என்றார். "தப்பு என்று அவனுக்குச் சொல்ல நீ தேவையில்லை. 63 − 48 கொடுத்தால் இவன் என்ன எழுதுவான், அதைச் சொல். சொல்ல முடிந்த பிறகு பேனாவைத் திற."

பத்து நிமிடம் அந்த ஒற்றைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 35 எங்கிருந்து வந்தது? ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. எந்த இலக்கம் மேலே, எது கீழே என்று அவன் பார்க்கவே இல்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான், ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக. அப்படியென்றால் எட்டிலிருந்து மூன்று, ஆறிலிருந்து நான்கு. "25 என்று எழுதுவான் டீச்சர்."

மறுநாள் அவனிடம் 63 − 48 கொடுத்தேன். 25 என்று எழுதினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கவனக்குறைவு, சோம்பல், அடிப்படையே இல்லை என்றெல்லாம் அவனைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். அவனோ ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஒரு முறையும் தவறாமல் அதைப் பின்பற்றிக்கொண்டிருந்தான். "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது" என்று சிறு வகுப்பில் யாரோ சொன்னதை அப்படியே காப்பாற்றி வந்திருக்கிறான். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எதிரில் வைத்து, ஒரு கட்டை அவனையே அவிழ்க்கவைத்த பிறகுதான் அந்த விதி தளர்ந்தது. அதற்கும் நான்கு நாள் ஆனது. ஒரே நாளில் நடந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை.

தசமத்திலும் இப்படியே. 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்றால் 0.35 என்பார்கள், ஏனென்றால் 35 ஐந்தைவிடப் பெரியது. முழு எண்ணில் சரியாக இருந்த அறிவு புது இடத்தில் காலை வாருகிறது. அதன் பிறகு பாடக்குறிப்பு எழுதும்போது "இங்கே என்ன தவறு செய்வார்கள்" என்று ஓரத்தில் எழுதும் பழக்கம் வந்தது. இப்போது என் குறிப்பு ஒரு பக்கம்தான் இருக்கும், அதில் பாதி அந்த ஓரம்.

கட்டுப்பாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஆகவே சொல்கிறேன். நான் கத்தினேன். கத்தக் கத்த வகுப்பின் இரைச்சலும் எனக்கு மேலே ஏறியது. ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1970இல் வெளியிட்ட முடிவு இது: குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நடப்பதற்கு முன்பே எல்லா மூலைகளையும் கவனித்திருப்பதிலும், பாடத்தைத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும்தான் வேறுபாடு தெரிந்தது. டீச்சர் இதையே குட்டிக் குட்டி வேலைகளாகச் சொல்லித்தந்தார். தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாதே, பேசிவிட்டுத் தாளைக் கொடு. பேசுகிறவன் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடர். கரும்பலகையில் எழுதியதைக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பார்.

ஒரு சம்பவம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. பேசிக்கொண்டிருந்த ஒரு பையனை எழுப்பி, எல்லோர் முன்னும் நன்றாகத் திட்டினேன். உண்மையில் அவன் கணக்கில் இருந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறான், பக்கத்துப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. இடைவேளையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். "திட்டியது எல்லோர் முன்னும், மன்னிப்பு மட்டும் தனியாகவா?" என்றார். அடுத்த பாடவேளையில் வகுப்பின் முன் நின்று கேட்டேன். என் மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு "பரவாயில்லை டீச்சர்" என்றான், அவ்வளவுதான்.

வழிகாட்டி செய்வதையெல்லாம் நகல் எடுக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டீச்சர் ஒரு பார்வை பார்த்தால் வகுப்பு அடங்கிவிடும். அதே பார்வையை நான் பார்த்தபோது இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்தப் பார்வைக்குப் பின்னால் பல ஆண்டுகளும், என் வருகைக்கு முன்பே அவர் வகுப்பில் பழக்கிவைத்த ஒழுங்குகளும் இருந்தன. கண்ணில் படுவது கடைசி வினை மட்டும். "இது இப்படி நடக்க, முதல் வாரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. எனக்கு அவரோடு மனத்தாங்கலும் உண்டு. ஒருமுறை நான் பாடம் நடத்தும்போதே எழுந்து வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கித் திருத்தினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "அது என் தப்பு. பொறுமை போய்விட்டது" என்றார். வகுப்பு முடியும் வரை காத்திருக்கத் தெரியாதது அவருக்கும் ஒரு குறைதான்.

பயிற்சி முடிவதற்கு முந்தைய நாள் நோட்டை என்னிடம் கொடுத்து, "இன்று நான் நடத்துகிறேன், நீ எழுது" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கட்டங்கள் போட்டுப் புள்ளி வைத்தேன். வகுப்பு முடிந்ததும் வாங்கிப் பார்த்தவர், கதவருகே ஒரு வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தார். "இவளை நான் கேட்கவே இல்லையா?"

"இல்லை டீச்சர்."

"நேற்றும் இல்லை என்றே தோன்றுகிறது." நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் என் கடைசி நாள். பிள்ளைகள் உட்கார்ந்ததும் டீச்சர் கதவருகே இருந்த அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் பின்சுவரை நோக்கி நடந்தார், சுவரைத் தொட்டார், திரும்பினார். அந்தப் பெண் மேசையைப் பார்த்தபடியே நின்றாள். முன்வரிசையில் நான்கைந்து கைகள் உயர்ந்தன, டீச்சர் அவற்றைக் கவனிக்கவில்லை. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை வந்தபோது அவள் வாயைத் திறந்தாள்.