கடிவாயில் போடும் ஊசியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எங்கள் 9 வயது மகளின் உள்ளங்கையில் தெருநாய் கடித்து ரத்தம் வந்தது. அன்றே அரசு மருத்துவமனையில் கையில் ரேபிஸ் தடுப்பூசி போட்டார்கள். கடித்த இடத்திலேயே இன்னொரு ஊசி போட வேண்டும் என்றார்கள். குழந்தை அலறியதைப் பார்த்து வேண்டாம் என்று கூட்டி வந்துவிட்டோம். இன்று மூன்றாம் நாள். நாய் நன்றாகத்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவை என்றால் மட்டும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: டெஸ்ட் வேண்டாம். இன்றே கூட்டிப் போய் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள். இன்று தடுப்பூசியின் இரண்டாவது தவணையும் இருக்கும். இரண்டையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம். கிளம்புமுன் மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்காது.

இரண்டு ஊசியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கையில் போட்டது, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளை (நீங்கள் சொல்லும் ஆன்டிபாடி) உடம்பையே தயாரிக்கச் சொல்லும் ஊசி. அந்தத் தயாரிப்பு ரத்தத்தில் தெரியவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். கடிவாயில் போடுவது இம்யூனோகுளோபுலின். வேறொருவர் உடம்பிலோ குதிரை உடம்பிலோ ஏற்கெனவே உருவான எதிர்ப்பொருளை எடுத்து, சுத்தம் செய்து, நேரே புண்ணுக்குள் இறக்குகிறோம். இடைப்பட்ட அந்த ஒரு வாரத்துக்குக் காவல் அதுதான்.

அதை ஏன் புண்ணிலேயே குத்த வேண்டும்? எச்சிலோடு நுழைந்த வைரஸ் முதலில் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல்தோலில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைக் கொண்டுதான் நரம்பு நுனியைப் பற்றும். எதிர்ப்பொருள் அந்த முட்களில் போய் ஒட்டிக்கொண்டால் பிடிமானம் போய்விடும். ஆனால் ஒருமுறை நரம்புக்குள் போய்விட்டால், ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் ஓடினாலும் அதை எட்டிப் பிடிப்பது கடினம். உள்ளங்கை, விரல், முகம் எல்லாம் நரம்பு அடர்ந்த இடங்கள். அதனால்தான் உங்கள் மகள் விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதை உலகுக்கு உறைக்க வைத்தது ஓர் ஓநாய். 1954-இல் ஈரானில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்துக் குதறியது. தலையில் மோசமான காயம் பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போட்ட 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் சீரமும் (இன்றைய இம்யூனோகுளோபுலினின் முன்னோடி) பெற்ற 13 பேரில் இறந்தது ஒருவர்தான். அந்தக் காலத் தடுப்பூசி நரம்புத் திசுவில் செய்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பயத்தோடு சொல்லும் ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ அந்த வகைதான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆட்டு மூளையில் தயாரித்தார்கள். இப்போதைய தடுப்பூசி அதைவிட எத்தனையோ மேல். ஆனாலும் அந்த ஒரு வார இடைவெளியை அதனாலும் நிரப்ப முடியாது.

சரி, டெஸ்ட் ஏன் வேண்டாம்? நரம்புக்குள் பதுங்கும் இந்த வைரஸை உடம்பு வெகுநாள் கண்டுகொள்வதே இல்லை. கிருமி உள்ளே போயிருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்று ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. இன்னும் இரண்டு வாரம் கழித்து எடுத்தால் எதிர்ப்பொருள் தெரியும். ஆனால் அது தடுப்பூசி உண்டாக்கியது. டெஸ்டில் பார்க்கும் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் எதிர்ப்பொருள் என்ற அளவு, தடுப்பூசி வேலை செய்ததா என்று கால்நடை மருத்துவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பார்ப்பது. கடிபட்டவருக்கு ஊசி வேண்டுமா என்பதை அது சொல்லாது.

நாய் நன்றாக இருக்கிறது என்பதும் போதாது. நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். பத்து நாள் கண்காணியுங்கள். பத்தாம் நாளும் அது திடமாக இருந்தால் மீதித் தவணைகளை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. தெருநாயைப் பத்து நாள் பின்தொடர்வது எவ்வளவு சாத்தியம் என்பது உங்களுக்கே தெரியும்.

இம்யூனோகுளோபுலினுக்குக் கெடு, முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாள். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து ஏற்றுவதால் பயன் இல்லை, அந்தத் தயாரிப்பைக் கொஞ்சம் மந்தப்படுத்தவும் கூடும்.

அளவு எடையைப் பொறுத்தது. மகள் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், மனித ரத்தத்திலிருந்து எடுத்தது கிலோவுக்கு 20 வீதம் 500 யூனிட். குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 வீதம் 1000 யூனிட். ஆய்வகத்தில் ஒரே வகை எதிர்ப்பொருளாக வளர்த்தெடுத்த மருந்தும் இந்தியாவில் இருக்கிறது. எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். நல்லது எது என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். உள்ளங்கையில் இடம் குறைவு என்பதால் தாங்கும் அளவுதான் மருத்துவர் செலுத்துவார். வலிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. மடியில் வைத்துக் கையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புண்ணைக் கழுவினீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் கிளம்புமுன் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எல்லாத் தவணையும் முடிந்த குழந்தையை நாளை வேறொரு நாய் கடித்தால், கடிவாய் ஊசி தேவையில்லை. அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் தடுப்பூசி மட்டும் போதும். அதற்கு அந்த அட்டையைத்தான் மருத்துவர் கேட்பார்.